குறிபார்த்துச் செலவு செய்வோம்!
(துப்பாக்கி சுடும் விளையாட்டில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் கொல்கத்தாவாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு)

பூஜை நாட்களில் பந்தல் மைதானங்களில் பலூன் சுடும் கடை போட்டிருப்பார்கள். நம் ஊர்த் திருவிழாக்களிலும் இது உண்டு. முன்பெல்லாம் பிள்ளைகள் பத்துப் பலூன் சுட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். இப்போது அவர்கள் கேட்கும் கேள்வியே வேறு: "அப்பா, இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள எங்கே போக வேண்டும்?"

2008இல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் பெற்றார். 2024 பாரிஸில் மனு பாக்கர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் பெற்றார். நமக்கு இன்னும் நெருக்கமானவர் இளவேனில் வாலறிவன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இந்தப் பெண் 2019இல் உலகக் கோப்பையில் தங்கம் வென்று, 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் ஒலிம்பிக் களத்தில் நின்றார். வெளிமாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண் எட்டிய உயரம் இது என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசை வருவதில் வியப்பென்ன?

ஆசை பிள்ளைக்கு, கவலை பெற்றோருக்கு. ஒன்று, வீட்டில் துப்பாக்கியா என்ற அச்சம். மற்றொன்று, மாதச் சம்பளத்தில் இது கட்டுப்படியாகுமா என்ற கணக்கு. இரண்டும் நியாயமானவை. இரண்டுக்கும் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டாவை வீட்டில் செய்யலாமா?

அமெரிக்கப் படங்களைப் பார்த்த இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சமாமே, அதற்கான கருவி எங்கே மலிவாகக் கிடைக்கும்?" என்கிறார்கள்.

கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் சிறு தொப்பி, உள்ளே மருந்து, நுனியில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டுமே. அதை எறியாமல் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது அமெரிக்காவில் பரவலான பொழுதுபோக்கு. அதற்கென்று அழுத்தும் கருவியும் அச்சுகளும் மருந்தை நிறுக்க நுண்தராசும் அங்கே கடைகளில் கிடைக்கின்றன.

நம் நாட்டில் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிப்பது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்குத் தண்டனை குறைந்தது ஏழாண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம். மருந்தின் அளவு சற்றே கூடினாலும் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும் என்பது சட்டத்துக்கு அப்பாற்பட்ட ஆபத்து. அடுக்குமாடி வீட்டில், சமையலறைக்குப் பக்கத்து அறையில் செய்யும் வேலையா இது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளுக்குப் பயன்படும் .22 தோட்டாவில் தீப்பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அடித்து விளிம்பு நசுங்கியபின் அந்தக் கூடு மறுபடி உதவாது. ஆக, பந்தயத்துக்குப் போகிறவருக்கும் அந்தக் கருவியால் பயன் இல்லை.

டம்டம் சொல்லும் செய்தி

தோட்டா என்றால் இந்த நகரத்துக்குப் பழைய உறவு உண்டு. காசிப்பூரில் 1801இல் பீரங்கி வண்டிப் பட்டறை தொடங்கியது. இச்சாப்பூரில் அதற்கும் முன்பே வெடிமருந்து செய்தார்கள். 1904 முதல் அங்கே ரைஃபிள் தொழிற்சாலை. நம் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை எழுந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

நாம் விமானம் ஏறப் போகும் டம்டம்மின் பெயர் உலக அகராதிகளில் இடம்பெற்றதும் ஒரு தோட்டாவால்தான். 1857 ஜனவரியில் டம்டம் பயிற்சிக் கூடத்தில்தான், புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற செய்தி சிப்பாய்களிடையே பரவியது. தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டிய காலம் அது. அந்த மார்ச் மாதமே பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். அதே நூற்றாண்டின் இறுதியில், டம்டம் ஆயுதக் கிடங்கின் அதிகாரி பெர்ட்டி கிளே, உடலுக்குள் போய் மலர்ந்து விரியும் குண்டை உருவாக்கினார். அதன் கொடுமையைக் கண்டு 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் அத்தகைய குண்டுகளைத் தடை செய்தன.

உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தார்கள் என்பது தெரியாத தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டம்டம்மே சாட்சி. அந்த வேலையைத் தொழிற்சாலைக்கு விட்டுவிடுவோம்.

ஆனால் தோட்டா நிரப்பும் வெளிநாட்டுக்காரர் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார். இந்த விளையாட்டில் துப்பாக்கி ஒருமுறைச் செலவு. சுடுவதுதான் ஓயாத செலவு. சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். அவர் அதற்குக் கருவி வாங்குகிறார். நமக்கு அதைவிட மலிவான வழி இருக்கிறது.

காற்றே மருந்து

அந்த வழி 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி. இதில் மருந்தில்லை, கூடில்லை, தீயில்லை. அழுத்திய காற்று 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயப் பெல்லட்டைத் தள்ளுகிறது. பெல்லட்டின் எடை ஏறக்குறைய அரை கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர். ஆற்றல் ஏழெட்டு ஜூல். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்படாத, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. கடைக்காரர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்; தயங்காமல் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மலிவு என்பதால் எளிது என்று எண்ண வேண்டாம். ரைஃபிள் இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் தரும் மையப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். பத்து மீட்டர் தள்ளி நின்று, அறுபது முறை, ஒன்றே கால் மணி நேரத்துக்குள் அதைத் தேட வேண்டும். கையைவிட மனம்தான் இங்கே அதிகம் உழைக்கிறது.

முதல் மூன்று மாதம்: பெரிதாக எதுவும் வாங்காதீர்கள்

பெரும்பாலோர் முதலில் துப்பாக்கிக் கடைக்குப் போகிறார்கள். போக வேண்டியது கிளப்புக்கு. இந்த நகரத்தில் நார்த் கல்கத்தா ரைஃபிள் கிளப், சவுத் கல்கத்தா ரைஃபிள் கிளப் என்ற பழைய சங்கங்கள் இருக்கின்றன. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சுட்ட ஹரிஹர் பானர்ஜி காலத்திலிருந்து வங்காளத்துக்கு இதில் மரபு உண்டு. 2012 லண்டனில் 50 மீட்டர் ரைஃபிளில் 1.9 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காமிடம் பெற்ற ஜாய்தீப் கர்மாகர், நியூ டவுனில் பயிற்சிக்கூடம் நடத்த முன்வந்தார். அவரிடம் பயின்ற ஹூக்ளி மாவட்டத்து மெஹுலி கோஷ் 2018 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றார்.

சேரும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கிளப் துப்பாக்கியைப் பயன்படுத்தலாமா? வாரத்தில் எத்தனை நாள் சுடும் இடம் கிடைக்கும்? பெல்லட்டும் அட்டையும் கட்டணத்தில் அடக்கமா, தனியா? மாதச் செலவு எவ்வளவு என்பது இந்த மூன்று பதில்களில் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் வாங்க வேண்டியவை கொஞ்சமே. தட்டையான, விறைப்பான அடியுள்ள காலணி. மெத்தென்ற ஓட்டக் காலணி கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி. ஒரு நோட்டுப் புத்தகம்; ஒவ்வொரு நாளும் எத்தனை குண்டு, என்ன மதிப்பெண், எங்கே விலகியது என்று எழுத. குறிபார்க்காத கண்ணை மறைக்க மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளை அட்டைத் துண்டு. பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிக்கொள்ளலாம், பத்துப் பைசாச் செலவில்லை. கண்ணை இறுக மூடிச் சுட்டால் மற்றக் கண்ணும் களைத்துப்போகும்; அதனால்தான் இந்த ஏற்பாடு. ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

மூன்று மாதத்தில் பிள்ளைக்கு இதில் பொறுமை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இல்லையென்றால் காலணி வேறு விளையாட்டுக்கு உதவும், நஷ்டமில்லை.

ரைஃபிளா, பிஸ்டலா?

சிக்கனத்துக்குப் பிஸ்டலே ஏற்றது. ரைஃபிள்காரருக்குக் கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான மேலுடுப்பு, காலுடுப்பு, கையுறை, தனிக் காலணி எல்லாம் வேண்டும். பிஸ்டலுக்கு இவை தேவையில்லை, காலணி போதும். பிஸ்டலின் எடை ஒன்றரைக் கிலோவுக்குள். ரைஃபிள் ஐந்தரைக் கிலோ வரை போகலாம். ஆனால் பிஸ்டலை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும். பிள்ளையின் விருப்பமும் பயிற்றுநரின் கண்ணும் முடிவு செய்யட்டும். பணப்பை மட்டுமே முடிவு செய்ய வேண்டாம்.

ரைஃபிள் என்று முடிவானால் உடுப்பில் அவசரம் வேண்டாம். வளரும் பிள்ளைக்கு இன்று தைத்தது அடுத்த பூஜைக்குப் பற்றாது. கிளப்பில் மூத்த பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன உடுப்பு பாதி விலைக்கும் கிடைக்கலாம். உடுப்பின் தடிப்புக்கும் விறைப்புக்கும் பன்னாட்டு விதிகள் உண்டு. பயிற்றுநர் பார்த்துச் சரி என்ற பிறகே பணம் கொடுங்கள். ஆனால் கனமான ரைஃபிளை இடுப்பில் முழங்கை ஊன்றி, முதுகை வளைத்து நிற்கும் பயிற்சி அதிகமானால் உடுப்பைத் தள்ளிப்போடாதீர்கள். அது முதுகெலும்புக்குத் தாங்கல்.

பெல்லட்டில் கஞ்சத்தனம் எங்கே, தாராளம் எங்கே?

வாரம் இரண்டு நாள், நாளுக்கு அறுபது குண்டு என்றால் மாதம் ஏறத்தாழ 500. பந்தயப் பெல்லட் 500 கொண்ட டப்பாவாகத்தான் பெரும்பாலும் வருகிறது. ஆக, மாதம் ஒரு டப்பா, ஆண்டுக்குப் பன்னிரண்டு. துப்பாக்கி விலையைக் கேட்கும்முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இலக்கு அட்டைக்குத் தட்டைத் தலைப் பெல்லட்தான் வேண்டும். அட்டையில் சீரான வட்டத் துளை போடும். கூர்த்தலைப் பெல்லட் அட்டையைக் கிழித்துவிடும். தொடக்க மாதங்களில் நடுத்தர விலைப் பெல்லட்டே போதும். ஐந்து மில்லிமீட்டர் விலகிச் சுடும் பிள்ளைக்கு, அரை மில்லிமீட்டர் துல்லியம் தரும் விலையுயர்ந்த பெல்லட் என்ன செய்துவிடும்? மதிப்பெண் நிலைப்பட்ட பிறகு, துப்பாக்கியைத் தாங்கலில் வைத்து இரண்டு மூன்று வகைப் பெல்லட்டுகளைச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதைப் போட்டிக்கென ஒதுக்கிக்கொள்ளலாம்.

பெல்லட் ஈயம் என்பதை மறக்கக் கூடாது. வாயில் வைக்கக் கூடாது. சுட்டு முடித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிளப் வாசலில் ஜால்முடிக்காரர் காத்திருப்பார்; கை கழுவிய பிறகே காகிதப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

துப்பாக்கி வாங்கும் நாள் வந்தால்

ஓராண்டு முடிந்து, பிள்ளையும் பயிற்றுநரும் தயார் என்றால் துப்பாக்கியைப் பற்றிப் பேசலாம். மூன்று படிகள் உண்டு.

முதற்படி, சுருள்வில்லால் இயங்கும் சாதாரணத் துப்பாக்கி. டல்ஹௌசிப் பக்கத்துப் பழைய துப்பாக்கிக் கடைகளில் பார்க்கலாம். விலை குறைவு, காற்று நிரப்பும் வேலையில்லை. திறந்த குறிமுள் உள்ள துப்பாக்கிகளுக்கென்று மாநில அளவில் தனிப் பிரிவு நடத்துவதும் உண்டு. ஆனால் வில் விடுபடும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் அதிரும். பந்தய ரைஃபிளின் பழக்கம் இதில் முழுமையாக வராது.

இரண்டாவது, காற்றுச் சிலிண்டர் பொருத்திய உள்நாட்டு ரைஃபிள். மகாராஷ்டிரத்து ப்ரிசிஹோல் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. நடுத்தரக் குடும்பத்துக்கு இதுவே ஏற்ற படி.

மூன்றாவது, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷுட்ஸ் போன்ற ஜெர்மானியப் பந்தய ரைஃபிள்கள். புதியது என்றால் லட்சக் கணக்கில் ஆகும். மாநில அளவில் தகுதி பெறும்வரை இதைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

பழையது வாங்குவதில் தவறில்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். லேக் கார்டன்ஸில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர், மகளுக்காக வைப்பு நிதியை உடைத்துப் பழைய ஜெர்மன் ரைஃபிள் ஒன்றை வாங்கினார். மெருகு குலையாமல் பளபளவென்று இருந்தது. முதல் போட்டியில் பரிசோதனை மேசையில் சிலிண்டரின் தேதியைப் பார்த்தார்கள், காலாவதி. அன்று அந்தப் பெண் சுட்டது இரவல் துப்பாக்கியால். காற்றுச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆயுள் பொதுவாகப் பத்தாண்டு. தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். புதுச் சிலிண்டரின் விலையைச் சேர்த்துப் பார்த்தால் 'மலிவு' மலிவாக இராது.

ஆகவே, பழையது என்றால் நான்கு சோதனைகள். சிலிண்டர் தேதியைப் படியுங்கள். காற்று நிரப்பி ஓரிரவு வைத்து, அழுத்தமானி இறங்குகிறதா என்று பாருங்கள். தாங்கலில் வைத்துப் பத்து மீட்டரில் ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரே துளையில் விழ வேண்டும். தோள்கட்டையும் கன்னக்கட்டையும் பிள்ளையின் உடல்வாகுக்குத் தக்கபடி நகர்கின்றனவா என்று பாருங்கள். இடக்கைப் பிள்ளைக்கு வலக்கைத் துப்பாக்கியைத் தலையில் கட்டாதீர்கள்.

காற்று நிரப்புவதைக் கிளப்பிலேயே செய்துகொள்ளுங்கள். உலர்ந்த, சுத்தமான காற்று மட்டுமே. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து எக்காரணம் கொண்டும் நிரப்பக் கூடாது. எண்ணெய்ப் பசையோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

நமது ஊர் ஈரத்தையும் கணக்கில் வையுங்கள். ஆடி மழையில் கொல்கத்தாவில் இரும்பு துருப்பிடிக்கும், தோல் பூஞ்சை பிடிக்கும். சுட்டு முடித்ததும் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் பெட்டியில் வையுங்கள்.

குண்டில்லாப் பயிற்சி

இனி, செலவே இல்லாத பயிற்சி. பெரிய வீரர்களும் குண்டு போடாமல் குறிபார்த்து விசை இழுக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்கிறார்கள். பந்தய ரைஃபிள்களில் இதற்கென்று தனி அமைப்பே உண்டு.

பத்து மீட்டர் நீளக் கூடம் நம் வீடுகளில் ஏது? ஐந்து மீட்டர் போதும். அட்டையின் கரு வட்டம் பத்து மீட்டருக்கு 30.5 மில்லிமீட்டர், ஐந்து மீட்டருக்கு அதில் பாதி, சுமார் 15 மில்லிமீட்டர். கறுப்புக் காகிதத்தில் வெட்டி, தரையிலிருந்து 140 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். நாளுக்கு இருபது நிமிடம் மூச்சை நிதானித்துக் குறிபார்க்கட்டும். விசை இழுத்த பின்னும் முள் புள்ளியைவிட்டு நகராமல் நிற்கிறதா என்பதே மதிப்பெண்.

ஓர் எச்சரிக்கை. சுருள்வில் துப்பாக்கியை வெறுங்குழலோடு சுடக் கூடாது; தடுக்கக் காற்று மெத்தையில்லாமல் உள்ளே உலக்கை மோதி உடையும். அதில் வில்லை ஏற்றாமல் பிடிப்பும் குறியும் மட்டும் பழகலாம்.

வீட்டில் வைத்திருக்கும்போது

குண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் துப்பாக்கியை மனிதர் பக்கம் திருப்பக் கூடாது. சுடும் நொடிவரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இந்த இரண்டும் பிள்ளைக்குப் பல் துலக்குவதுபோல் பழக்கமாக வேண்டும். காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமானன்று, கண்ணைப் பறிக்கும். துப்பாக்கி ஒரு பூட்டில், பெல்லட் வேறொரு பூட்டில், சாவி பெரியவர் கையில். மொட்டை மாடியிலிருந்து புறாவையும் மைனாவையும் குறிவைப்பது விளையாட்டாகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளுக்கும் பொருந்தும். கிளப்புக்குக் கொண்டுபோகும்போது மூடிய உறையில், ரசீதும் உறுப்பினர் அட்டையும் உடன் இருக்கட்டும்.

சுருங்கச் சொன்னால் வரிசை இதுதான்: முதலில் கிளப், பிறகு காலணியும் நோட்டும், பிறகு பெல்லட், பிறகு உடுப்பு, கடைசியில் துப்பாக்கி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பீரோ மேல் ஒரு விலையுயர்ந்த பெட்டி தூசி படிந்து கிடக்கும். பிள்ளையின் மனத்தில் "எனக்காக இவ்வளவு செலவழித்தார்களே" என்ற சுமை ஏறும். அந்தச் சுமையோடு நிற்கும் பிள்ளையின் கை நடுங்கும்.

மாதம் ஒரு டப்பா பெல்லட்டுக்கும், வாரம் இரண்டு மாலை கிளப் வாசலில் காத்திருக்கும் பொறுமைக்கும் நாம் தயார் என்றால், மற்றவை மெல்ல மெல்ல வந்து சேரும். நம் பிள்ளைகளின் குறி நிலைக்க வாழ்த்துகள்!